சனிக்கிழமை சாயங்கால நடை

பிரியமான பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஸ்தோத்திரம். போனில் பேசினால் உன் அவசரத்தில் பாதி போய்விடுகிறது, என் அழுகையில் மீதி போய்விடுகிறது, அதனால்தான் இன்றைக்கு உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகப் போனால் இரண்டு தடவையாகப் படித்துக்கொள்.

போன வாரம் நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. அங்கே ஜெர்மனியில் லெந்து என்கிற தவக்காலம் வந்தால் ஈஸ்டர் வரைக்கும் ஏழு வாரம் எதையாவது விட்டுவிடுவார்கள், கூட வேலை செய்கிற ஒருத்தி சாக்லேட்டை விட்டிருக்கிறாள், ஒருத்தர் பீரை விட்டிருக்கிறார், நீ இன்ஸ்டாகிராமை விட்டிருக்கிறாய். கோயிலுக்குப் போனாயா என்று கேட்டதற்கு, "பத்துப் பன்னிரண்டு வயசானவங்கதான் வர்றாங்கம்மா, எனக்கு பாஷையும் முழுசா புரியல, ரூம்லயே வேதம் வாசிச்சு ஜெபம் பண்ணிக்கிறேன்" என்றாய். நான் சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் அது சரியில்லை என்று வைத்த பிறகுதான் தோன்றியது.

நீ விட்டதைக் குறை சொல்லவில்லை. திடப்படுத்தலுக்கு முன்னால் இதே கூடத்தில் உட்கார வைத்து ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தேனே, நினைவிருக்கிறதா? உபவாசமும் சரீர ஒழுக்கமும் நல்ல வெளி ஒழுங்கு என்றுதான் நம் லுத்தரன் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தரும் அதில் சொல்கிறார். ஆனால் அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்துக்கு உண்மையில் ஆயத்தமானவர் யார் என்றால், அங்கே சொல்லப்படுகிற "உங்களுக்காக" என்கிற வார்த்தையை விசுவாசிக்கிறவர்தான் என்கிறார். எத்தனையோ வருடம் பிள்ளைகளுக்கு இதைப் பாடமாகச் சொல்லியிருக்கிறேன், இந்த வருடம்தான் அந்த வார்த்தையை நின்று பார்த்தேன். உனக்காக என்று இல்லை. உங்களுக்காக. நம் தமிழில் அது தெளிவாகவே இருக்கிறது, அந்த ஊர்ப் பாஷையிலும் அப்படித்தான் என்று நீயே ஒரு தடவை சொன்னாய். வரிசையில் நிற்கிற எல்லோரையும் சேர்த்துச் சொல்கிற வார்த்தை அது. ரூமில் தனியாக இருக்கிற ஒருத்திக்கு அதை யார் சொல்வார்கள்?

இங்கே இந்த வருடம் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். பிப்ரவரி 18 லெந்து ஆரம்பிக்கிற சாம்பல் புதன், அதை ஒட்டியே ரமலானும் பிறந்துவிட்டது. பக்கத்து வீட்டு பாய் வீட்டிலிருந்து தினமும் சாயங்காலம் நோன்புக் கஞ்சி வருகிறது. நாம் கறி சாப்பிடமாட்டோம் என்று தெரிந்து, கறி போடுவதற்கு முன்னாலேயே நமக்கென்று ஒரு தூக்கில் தனியாக எடுத்து வைத்துவிடுகிறார்கள். நான் கேட்கவேயில்லை பாப்பா. வாங்கிக் குடிக்கும்போது தொண்டை அடைத்துக்கொண்டது. கோயிலில் பலிபீடத்துக்கு ஊதாத் துணி போட்டாயிற்று. கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பது நின்றுவிட்டது. பிடி அரிசிப் பானையை நான் மறுபடியும் அடுப்படியில் வைத்திருக்கிறேன், உலை வைக்கும்போதெல்லாம் மாதர் சங்கத்துக்கென்று ஒரு பிடி அதில்.

புதன்கிழமை தோறும் வீட்டு ஜெபம். இயேசுவின் பாடுகளின் சரித்திரத்தை ஒவ்வொரு வாரமும் ஒரு பகுதியாக வாசிக்கிறோம், தோட்டத்திலிருந்து கல்லறை வரைக்கும். நாலு சுவிசேஷத்திலிருந்தும் எடுத்து ஒரே சரித்திரமாகக் கோர்த்து வாசிக்கிற இந்த வழக்கம் லுத்தர் காலத்திலேயே அவரோடு இருந்த புகென்ஹாகன் என்ற போதகர் தொகுத்ததிலிருந்து நம் லுத்தரன் சபைகளில் பரவியது. நமக்கு அது பாட்டி வாசித்ததும் தாத்தா வாசித்ததும்தான். இப்போது கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நான் வாசிக்கிறேன்.

பாட்டியைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நீ அவர்களைக் கட்டிலில்தான் பார்த்திருக்கிறாய். எங்கள் சின்ன வயதில், ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து என்றால் முந்தின நாளே போதகர் ஐயாவிடம் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும், அப்புறம் சாயங்காலம் பாவ அறிக்கை ஆராதனை. பெயர் கொடுக்கப் போவதற்கு முன்னால் பாட்டி ஒரு நடை நடப்பார்கள். அந்த மாதம் யாரோடு வாய்ச்சண்டை, யாரோடு முகம் கொடுக்காமல் இருந்தார்களோ அவர்கள் வீட்டுக்கு. கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரையோ நாலு வாழைக்காயோ இருக்கும். நானும் கூடப் போயிருக்கிறேன். பெரிய மன்னிப்பெல்லாம் கேட்டு நான் பார்த்ததில்லை, திண்ணையில் உட்காருவார்கள், தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள், "நாளைக்கு ராப்போஜனம், நான் பேசினதை மனசில வச்சுக்காதே" என்பார்கள், எழுந்து வந்துவிடுவார்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் பெயர் கொடுக்கப் போகமாட்டார்கள். ஒரு தடவை ஒரு வீட்டில் கதவையே திறக்கவில்லை. கீரையை வாசல்படியில் வைத்துவிட்டு வந்தோம். அந்த ஞாயிறு பாட்டி திருவிருந்துக்கு எழுந்து போகவில்லை, கடைசி வரைக்கும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்கள். நான் ஏன் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

இப்போது நான் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று. மேலத்தெரு அத்தையும் நானும் பேசி இரண்டு வருடம் ஆகிறது. அவள் எங்கே, ஏன் வரவில்லை என்று நீ கேட்டபோதெல்லாம் ஏதோ சொல்லி மழுப்பினேன். மாதர் சங்கத்தில் பிடி அரிசி விற்ற பணத்துக்கு அவள்தான் கணக்கு. ஒரு மாதம் 640 ரூபாய் குறைந்தது. நான் கூட்டத்தில் எழுந்து, நாற்பது பேர் முன்னால், கணக்கு எங்கே என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் பிள்ளைகளை எழுப்பி நிறுத்திக் கேட்ட அதே குரலில் கேட்டேன். அவள் நோட்டை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனவள், அப்புறம் கூட்டத்துக்கே வரவில்லை. பொதுப் பணத்துக்குக் கணக்கு கேட்டது தப்பா என்று உன் அப்பாவிடம் எத்தனை ராத்திரி வாதாடியிருப்பேன். தப்பில்லை என்றுதான் அவரும் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டே இரண்டு லெந்தைக் கழித்துவிட்டேன். கறி விட்டேன், காபி விட்டேன், வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டையும் விட்டேன். ஆனால் அவள் இருக்கிற வரிசையில் முழங்கால் போடக்கூடாது என்று அடுத்த வரிசைக்குக் காத்திருந்து திருவிருந்து வாங்கினேன்.

இந்த வருடம் லெந்து முதலாம் ஞாயிறு போதகர் ஐயா பிரசங்கத்தில் 1522-ஆம் வருடத்துக் கதையைச் சொன்னார். லுத்தர் வார்ட்பர்க் கோட்டையில் மறைந்திருந்த சமயம், விட்டன்பர்க் சபையில் அவர் ஆட்களே அவசர அவசரமாக எல்லாவற்றையும் மாற்ற ஆரம்பித்துவிட்டார்கள், கோயிலில் இருந்த உருவங்களைக்கூட உடைத்தார்கள், ஊரே இரண்டுபட்டது. அவர் திரும்பி வந்து மார்ச் 9, அதே லெந்து முதலாம் ஞாயிறு, பிரசங்கபீடத்தில் ஏறினவர் எட்டு நாள் தொடர்ந்து பிரசங்கம் பண்ணினார். நீங்கள் செய்ய நினைத்ததில் நியாயம் இருக்கிறது, ஆனால் உங்களிடம் அன்பைக் காணோம், பலவீனமாக இருக்கிற சகோதரனைத் தலைமயிரைப் பிடித்தா இழுப்பீர்கள் என்கிற மாதிரி. போதகர் ஐயா இதை யாரை மனதில் வைத்தும் சொல்லவில்லை, அவருக்கு எங்கள் விவகாரமே தெரியாது, புதிதாக மாற்றலாகி வந்தவர். எனக்குத்தான் காது சுட்டது.

அதற்குப் பிறகும் நான் இரண்டு வாரம் சும்மா இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது புதன்கிழமை ஜெபம் மேலத்தெரு அத்தை வீட்டில் என்று அறிவித்தார்கள், வாசிப்பு என் பேரில் வந்தது, பேதுரு நெருப்புக் காய்ந்துகொண்டே இயேசுவைத் தெரியாது என்று சொல்கிற பகுதி. அந்த வீட்டுக்குள் போய் அதை வாசிக்க என்னால் முடியாது என்று பட்டது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வெறுங்கையோடு நடந்தேன். எதையாவது எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அவள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "நாற்பது பேர் முன்னால கேட்டிருக்கக் கூடாது, மன்னிச்சுக்கோ" என்றேன். இதைத்தான் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அவள் அழவில்லை, கையைப் பிடிக்கவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "கரண்ட் இல்லக்கா, உள்ள புழுங்கும், இங்கயே உட்காருங்க" என்றாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் சொன்னாள், "ரெண்டு வருஷமா நான் பக்கவாட்டு வாசலாலதான் கோயிலுக்குப் போயிட்டு வர்றேன்." எனக்கு அது தெரியவே தெரியாது. நான் முன்வாசலில் நின்று எல்லோருக்கும் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்த அத்தனை ஞாயிறும், அவள் எனக்காகச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறாள்.

640 ரூபாயைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்தாள், குடித்தேன். மறுநாள் பேதுருவை வாசித்தேன், குரல் கொஞ்சம் தடுமாறியது, வாசித்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மனந்திரும்புதல் என்றால் அவரவர் சண்டையோடு முடிந்துவிடுகிற காரியம் என்று நீ நினைத்துவிடக் கூடாது. சபையாகவே நாம் திரும்ப வேண்டியது இருக்கிறது. நம் பக்கத்துக் கோயில்களில் ஒரு காலத்தில் சாதிக்கு ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள், திருவிருந்திலும் யார் முதலில் யார் பிறகு என்று இருந்தது. 1833-ல் ஆங்கிலேயச் சபையின் பிஷப் வில்சன் இதெல்லாம் கூடாது என்று உத்தரவு போட்டபோது, அதை ஏற்காதவர்கள் நிறையப் பேர் பிறகு நம் லுத்தரன் பக்கம் வந்து சேர்ந்தார்கள், ஜெர்மனியிலிருந்து வந்த நம் லைப்சிக் மிஷன் அதில் கண்டிப்பாக இருக்கவில்லை. இவ்வளவுக்கும் 1707-ல் தரங்கம்பாடியில் முதல் முதலாக ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் டேனிஷ்காரர்கள் வீட்டில் அடிமைகளாக இருந்தவர்கள். அவர்களிலிருந்து ஆரம்பித்த சபை நாம். அந்தக் கதையைப் பெருமையாக மேடையில் சொல்கிறோம், பெண் பார்க்கும்போது மறந்துவிடுகிறோம். உன் கல்யாணப் பேச்சில் நானே சில வீடுகளை வேண்டாம் என்று ஒதுக்கினேன், காரணம் வேறு என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். லெந்து நாளில் உன்னிடமும் இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன், இவ்வளவு தூரம் வந்த பிறகுதான் எழுத வந்தது. என்னை மன்னித்துக்கொள்.

சரி, உன் ஊருக்கு வருகிறேன். நீ இருக்கிற ஹாலே நமக்கு அந்நிய ஊரா? தரங்கம்பாடிக்கு வந்த முதல் லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் ஐயர் படித்த ஊர். 1713-ல் தமிழ் எழுத்துகளை ஈயத்தில் வார்த்துக் கப்பலேற்றி அனுப்பிய ஊர். நம் ஞானப்பாட்டுகளில் நிறைய, ஜெர்மன் ராகத்தில் மிஷனரி ஃபெப்ரிஷியஸ் ஐயர் தமிழாக்கிக் கொடுத்தவைதானே. சந்தைத் திடலில் நாலு கோபுரத்தோடு நிற்கிற அந்தப் பெரிய கோயிலை போட்டோ எடுத்து அனுப்பினாயே, அதற்குள் போ, இல்லையென்றால் உன் தெருமுனையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிற அந்தச் சின்னக் கோயிலுக்கே போ. வாரநாளில் சாயங்காலம் பாடுகளின் தியானம் ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று கேட்டுப் பார். வார்த்தை புரியாவிட்டால் பரவாயில்லை. பாட்டை எடுத்தார்கள் என்றால் ராகம் உனக்குத் தெரிந்ததாக இருக்கும், பாட்டி மடியில் கேட்ட ராகம், நீ தமிழிலேயே மெதுவாகப் பாடு. பக்கத்தில் இருக்கிற கிழவி திரும்பிப் பார்ப்பாள். பார்க்கட்டும், அவளுக்கும் அந்தப் பெஞ்சில் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து எவ்வளவு நாள் ஆயிற்றோ. மொழி தெரியாத இரண்டு பேர் அந்த "உங்களுக்காக" என்கிற வார்த்தையை ஒரே வரிசையில் நின்று வாங்கிக்கொள்ளலாம், அதற்கு இலக்கணம் வேண்டாம்.

உன் ரூம் தோழியோடு ஏதோ மனஸ்தாபம் என்றாயே, அது என்ன ஆயிற்று என்றும் எழுது. நான் யார் பக்கமும் பேசவில்லை.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் ஓலை கிழித்துச் சிலுவை பண்ண மேலத்தெரு அத்தை வீட்டில்தான் எல்லோரும் கூடுகிறோம். உனக்கும் ஒன்று பண்ணிக் காயவைத்து, ஏப்ரல் கடைசியில் சென்னையிலிருந்து அங்கே வருகிற பையனிடம் கொடுத்துவிடுகிறேன். பெரிய வெள்ளி ஏப்ரல் 3. நாங்கள் பன்னிரண்டு மணிக்கு மும்மணி தியானம் ஆரம்பிக்கும்போது உனக்குக் காலை எட்டரை, அங்கே அன்றைக்கு லீவுதான். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தையில் மூன்றாவதை நான் வாசிக்கிறேன், தாயையும் அன்பான சீஷனையும் ஒருவரிடம் ஒருவரை ஒப்படைக்கிற வார்த்தை. அந்த நேரம் நீ கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாய் என்று நினைத்துக்கொண்டே வாசிப்பேன். முடிந்ததும் வெளியே வேப்பமரத்தடியில் கஞ்சியும் துவையலும். இந்தத் தடவை அண்டாவுக்கு ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் நான்.

அன்புடன்,
அம்மா
பொறையார்