வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: அந்தச் சிவப்பு வரிகள் பற்றி

அன்புள்ள நூலாசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் வணக்கம்.

எங்கள் வேலைமுறை உங்களுக்குத் தெரிந்ததுதான். நீங்கள் தரும் பிரதியை லேடெக் (LaTeX) என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் ஏற்றுகிறோம். திருத்தம் செய்யச் செய்ய, மாற்றங்களைக் குறித்துவைக்கும் கிட் (Git) என்ற மென்பொருளில் கமிட் ஆகிறது, அதாவது பதிவாகிறது. ஒவ்வொரு மெய்ப்போடும் கிட் காட்டும் டிஃப் பட்டியலையும், அதாவது மாறிய வரிகளின் பட்டியலையும் சேர்த்து அனுப்புகிறோம்: போன வரி சிவப்பு, வந்த வரி பச்சை. மறைக்க ஒன்றுமில்லை என்பதால்தான் அதை அனுப்ப ஆரம்பித்தோம்.

அதுவே இப்போது பேச்சாகிவிட்டது. “இரண்டு சொல்லைத்தான் மாற்றச் சொன்னேன், பக்கம் பக்கமாகச் சிவப்பு. கேட்காமலே எழுத்தில் கை வைக்கிறார்கள்” என்று ஒருவர் சொன்னது இன்னும் பலர் வாயில் கேட்கிறது. மற்ற புகார்களைப் பொறுத்துக்கொள்வோம். இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கிட் 2005இல் நிரல் எழுதுவோருக்காகப் பிறந்தது. அது வரிக் கணக்கில்தான் பார்க்கும். தட்டச்சு செய்யும் எடிட்டர் மென்பொருள் ஒரு பத்தியைக் குறிப்பிட்ட அகலத்தில் மடக்கி வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரியில் ஒரு சொல் கூடினால் மிச்ச வரிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நகரும். கிட்டுக்கு அத்தனையும் புது வரிகள். பத்தி முழுக்கச் சிவந்துபோகும், மாறியது ஒரே சொல்.

அப்புறம் தமிழுக்கே உள்ள ஒரு சங்கதி. ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். திரையிலும் தாளிலும் இம்மியும் வித்தியாசம் தெரியாது. ஆனால் கணினி உள்ளே சேமிக்கும் பைட்டுகள் வேறு. பல இடங்களிலிருந்து வெட்டி ஒட்டிய பிரதிகளில் இரண்டும் கலந்தே வருகின்றன. அப்படியே விட்டால் தேடும்போது பாதிச் சொற்கள் அகப்படாமல் போகலாம், சொல்லடைவில் ஒரே சொல் இரண்டு இடத்தில் நிற்கலாம். அதனால் ஒரே மாதிரி ஆக்குகிறோம். அது செய்த அன்று டிஃப்பைப் பார்த்தால் யாருக்கும் பதறத்தான் செய்யும்: சிவப்பில் ஒரு வரி, அடியிலேயே அச்சு அசலாக அதே வரி பச்சையில்! புகார் சொன்னவர் கண்டதில் பெரும்பகுதி இதுதான். ஒரு சொல்லின் பொருளைக்கூட நாங்கள் தொட்டதில்லை. எந்தக் கமிட்டில் எந்த வரி, யார், எப்போது மாற்றினார்கள் என்று கிட்டிடமே கேட்கலாம். வந்து பார்க்க யார் விரும்பினாலும் காட்டுவோம்.

சரி, இனி என்ன? எழுத்துக்குறியை ஒழுங்குபடுத்துவதை முதல் கமிட்டுக்கு முன்பே முடித்துவிடுவோம். மூலக்கோப்பில் ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரி என்று வைப்போம். தனியாக ஒரு வரி முறிந்தால் லேடெக் அதை வெறும் இடைவெளியாகத்தான் எடுத்துக்கொள்ளும், வெற்று வரி வந்தால்தான் புதுப் பத்தி. எனவே பக்க அமைப்பு கலையாது. டிஃப் பட்டியலுக்குப் பதில், பழைய பிரதியையும் புதியதையும் ஒப்பிடும் லேடெக்டிஃப் (latexdiff) என்ற கருவி போட்ட பிடிஎஃப் வரும். அது சொல் அளவில் காட்டும்: நீக்கியது சிவப்பில் அடித்திருக்கும், சேர்த்தது நீலத்தில் அடிக்கோட்டோடு இருக்கும். அட்டவணையும் நீண்ட சமன்பாடும் வந்தால் லேடெக்டிஃப் சில நேரம் தடுமாறும். அந்த இடங்களை நாங்களே கையால் குறித்து அனுப்புவோம்.

லேடெக்கை வைத்து இயங்கும் லிக்ஸ் (LyX) என்ற மென்பொருளில் எழுதி அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலை நடுவில் புதிய பதிப்புக்கு மாறாதீர்கள். அது தன் புதிய கோப்பு வடிவத்தில் சேமித்துவிடும், எங்கள் பழைய பதிப்பு திறக்கத் திணறும்.

திருத்தங்களைக் கவனித்துவந்த எங்கள் நண்பர் வேறு வேலைக்குப் போய்விட்டார். உங்களில் பலருக்கு அவர் குரலே பழக்கம். கமிட் குறிப்புகளை ஒழுங்காக எழுதிவைத்துப் போனதால்தான் பாதியில் நின்ற நூல்களை அப்படியே தொடர முடிகிறது. புது ஆள் பழகும்வரை மெய்ப்பு சற்றுத் தாமதமாகும், மூன்றாவது மெய்ப்புக்குப் பிறகு வரும் திருத்தங்களுக்குத் தனிக் கட்டணம் உண்டு.

இந்தப் பேச்சு கிளம்பியபோது, முதலில் எங்களைக் கூப்பிட்டு “என்ன நடந்தது?” என்று கேட்ட பழைய வாடிக்கையாளர்களை மறக்க மாட்டோம். அதில் இரண்டொருவர் எங்களுக்காக மற்றவர்களிடம் வாதாடியும் இருக்கிறீர்கள். மனமார்ந்த நன்றி.

கையில் வேலை நடந்துகொண்டிருப்பவர்களுக்கு அடுத்த மெய்ப்பு முதலே புதிய முறைதான். திருத்தங்களை அந்தப் பிடிஎஃப்பிலேயே குறித்து அனுப்புங்கள். வேர்டு கோப்பில் திருத்தி அனுப்பினால் எது மாறியது என்று நாங்கள் மறுபடி தேட வேண்டியிருக்கும்.

அன்புடன்,
உங்கள் அச்சுக்கோப்பகம்