பேச்சிப்பாறை மலையிலிருந்து நன்றியோடு

அன்பானவர்களுக்கு வணக்கம்.

பேச்சிப்பாறை அணைக்கு மேலே எங்கள் காணிப் பழங்குடிக் குடியிருப்பில் தேன், நல்லமிளகு, கொடம்புளி விற்கிற பெண்கள் குழுவின் சார்பில் எழுதுகிறேன். இந்த வருசம் எங்கள் சரக்கை நாங்களே எடை போட்டு, நாங்களே விலை சொல்லி விற்றோம். துணை நின்றவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை.

முதல் நன்றி தேன் பக்குவம் சொல்லித்தந்த அக்காவுக்கு. மலைத்தேனில் தண்ணீர் கூடுதல். 20 சதவீதத்தைத் தாண்டினால் கொஞ்ச நாளில் நுரைத்துப் புளித்துவிடும். அதைக் காரணம் காட்டியே வியாபாரிகள் நல்ல தேனுக்கும் சேர்த்து விலையை அடிப்பார்கள். மெழுகு மூடிய அடையை மட்டும் அறுக்க வேண்டும், கையால் பிழியாமல் துணியில் கட்டித் தானாக வடியவிட வேண்டும் என்று கூடவே உட்கார்ந்து செய்து காட்டினீர்கள். கண்ணாடியில் ஒரு துளி விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஈரம் பார்க்கும் கருவியையும் தந்தீர்கள். இப்போது எங்கள் அத்தைதான் அதைப் பிடித்துப் பார்த்து, "இது வேண்டாம் மக்களே, வேற பாத்திரத்துல ஊத்து" என்று தீர்ப்புச் சொல்கிறாள். வாங்க வந்தவரும் அவள் சொல்லுக்கு மறுபேச்சு பேசுவதில்லை.

தேனீக் குஞ்சுப் புழு இருக்கும் அடையைத் தொடாமல் தேன் அடையை மட்டும் எடுத்து வருகிற எங்கள் மரமேறிகளுக்கும் நன்றி. அடுத்த வருசமும் தேன் கிடைப்பது உங்களால்தான்.

வக்கீல் சாரே, 2006 வன உரிமைச் சட்டத்தை எங்கள் முற்றத்தில் உட்கார்ந்து வரிவரியாக வாசித்தீர்கள். சிறு வனப்பொருளைச் சேகரிக்கவும் விற்கவும் எங்களுக்கு உரிமை உண்டு என்று எழுத்தில் பார்த்த பிறகு, மூட்டையோடு மலையிறங்கும்போது யாரிடமும் கெஞ்சத் தோன்றவில்லை.

மூலிகை படிக்க வந்த மாணவர்களே, படம் எடுக்கும் முன் கிராம சபையில் அனுமதி கேட்டீர்கள். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், எங்கள் சொந்தங்கள் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சை மூலிகையிலிருந்து 'ஜீவனி' மருந்து வந்தபோது, உரிமத் தொகையில் பாதி காணிகளுக்கென்று ஒதுக்கப்பட்டது. காட்டறிவு எங்கள் பெரியவர்களின் சொத்து. கேட்டு வாங்கியதற்கு நன்றி.

கொடம்புளி பழுப்பது மழைக்காலத்தில். வெயிலை நம்ப முடியாது, அடுப்புக்கு மேல் பரணில் போட்டால் வீடெல்லாம் புகை, பிள்ளைகளுக்கு இருமல். தகரக் கூரை போட்டு உலர்த்தும் கொட்டகை கட்டித்தந்த நண்பர்களே, இந்த ஆடியில் பிள்ளைகள் புகையில்லாமல் தூங்கினார்கள்.

மூட்டைகளை முகம் சுளிக்காமல் ஏற்றிய பஸ் டிரைவர் அண்ணன், குலசேகரத்தில் கடை முன் இடம் தந்த அண்ணாச்சி, உங்களையும் மறக்கவில்லை.

தை மாதம் நல்லமிளகு பறிப்பு. எல்லாரும் குடும்பத்தோடு வாருங்கள். மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலும் எங்கள் செலவு.