மாடிப்படிக்குக் கீழே மூட்டை வேண்டாம், மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. சென்னையைக் காலி செய்துவிட்டு ஊரோடு வந்து சம்பா நட்டுவிட்டாய் என்று படித்ததும் என் வீட்டுக்காரியைக் கூப்பிட்டு இன்னொரு தரம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குத் தை மாதம் வளைகாப்பு, நீயும் தங்கச்சியும் கட்டாயம் வரவேண்டும்.

பத்து மூட்டை யூரியாவும் நாலு மூட்டை டிஏபி உரமும் மாடிப்படிக்குக் கீழே அடுக்கியிருக்கிறேன், "வெடிக்குமா தாத்தா?" என்று பேத்தி கேட்கிறாள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து மனசு அங்கேயேதான் நிற்கிறது.

முதலில் குழந்தைக்குப் பதில் சொல்லிவிடு. யூரியா அப்படி வெடிக்காது. 2020 ஆகஸ்ட் 4-ஆம் தேதி பெய்ரூட் துறைமுகத்தில் வெடித்தது அம்மோனியம் நைட்ரேட் என்கிற வேறு ரசாயனம். 2,750 டன், வருஷக்கணக்காகக் கிடங்கில் கேட்பாரற்றுக் கிடந்தது. 200 பேருக்கு மேல் செத்தார்கள். அதற்கப்புறம்தானே நீ குடியிருந்த மணலிப் பக்கத்திலும் அதே சரக்கு சுமார் 700 டன் இருப்பது பேச்சானது? 2015-ல் சுங்கத் துறை பிடித்து வைத்தது. அதை ஐதராபாத்துக்கு லாரியில் ஏற்றி முடிக்கும்வரை நீ தூங்கவில்லை என்று போனில் சொன்னாய். அம்மோனியம் நைட்ரேட் 45 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நம் சட்டம் அதை வெடிபொருளாகத்தான் பார்க்கிறது. 2012-ல் அதற்கென்று தனி விதிகளே வந்துவிட்டன. உன் மூட்டையில் இருப்பது அதுவல்ல.

சரி, வெடிக்காது என்பதால் பயமே வேண்டாம் என்று ஆகிவிடாது. எங்கள் வீட்டில் நடந்ததை உனக்கு நான் சொன்னதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால், பயிர் வெளுத்திருக்கிறதே என்று இலைவழியாகத் தெளிக்க இரண்டு கிலோ யூரியாவைச் சிவப்பு வாளியில் கரைத்துக் கொட்டில் ஓரமாக வைத்தேன். 100 லிட்டருக்கு அதுதான் கணக்கு. ஸ்பிரேயரை எடுக்க உள்ளே போனேன், வாசலில் யாரோ வந்தார்கள், பேச்சு வளர்ந்துவிட்டது. தினமும் கழுநீர் வைக்கிற வாளியும் அதே சிவப்புதான். திரும்பி வந்தபோது வாளி பாதியாக இருந்தது. எங்கள் செவலைப் பசுவுக்கு உடம்பெல்லாம் வெடவெடத்தது, வயிறு உப்பியது, வாயில் நுரை தள்ளியது. மாட்டின் வயிற்றில் யூரியா சட்டென்று அம்மோனியாவாகி ரத்தத்தில் ஏறிவிடுகிறது. டாக்டர் வந்து வினிகரும் குளிர்ந்த தண்ணீரும் புகட்டினார். அதற்குள் நேரம் கடந்துவிட்டது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை மாப்பிள்ளை. கன்று இரண்டு நாள் கத்திக்கொண்டே இருந்தது.

இத்தனைக்கும் 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா கரைத்துத் தெளித்து, மூன்று வாரம் காற்றுப் புகாமல் மூடி வைத்து, அதே மாட்டுக்கு நானே தீவனமாகப் போட்டிருக்கிறேன். அளவும் பக்குவமும் தப்பினால்தான் விஷம்.

அதனால் மூட்டைகளை முதலில் வீட்டை விட்டு வெளியே எடு. மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் பூட்டுப் போடுகிற அறை ஒன்று இருக்கிறது என்றாயே, அது போதும். ஆனால் டீசல் கேனை அங்கிருந்து எடுத்துவிடு. தரையில் பலகை போட்டு, சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி அடுக்கு. ஐப்பசி மழையில் சுவர் ஈரத்தை வாங்கியே யூரியா கல்லாகிவிடும். பிரித்த மூட்டையின் வாயைச் சுருட்டி அன்றே கட்டிவிட வேண்டும். கரைக்கிற வாளிக்கு வேறு நிறம் வாங்கு. காலி சாக்கை மாட்டுத் தொட்டியில் அலசவே அலசாதே, நம் ஊரில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

கிணற்றுக்குப் போடும் பிளீச்சிங் பவுடரும் மூட்டைகளோடேயே இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதை இன்றைக்கே பிரித்து வை. யூரியாவோடு சேர்ந்து ஈரம் பட்டால் நைட்ரஜன் டிரைகுளோரைடு உண்டாகும். அது வெடிக்கும், மூச்சையும் அடைக்கும். பேத்தியின் கேள்வி தப்பில்லை, பார். சுண்ணாம்பும் பக்கத்தில் வேண்டாம். டிஏபியில் கலந்தால் அம்மோனியா கிளம்பிக் கண்ணைக் கரிக்கும், சத்தும் போய்விடும். ஜிங்க் சல்பேட்டையும் டிஏபியோடு கலக்காதே, மணலில் கலந்து தனியாக வீசு. உரம் கண்ணில் பட்டால் தேய்க்காமல் கால் மணி நேரம் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இரு, அப்புறம் டாக்டரிடம் போ. பூச்சிமருந்து எதுவும் குளிர்பான பாட்டிலில் இருந்தால், அதற்கு நான் தனியாக உன்னைத் திட்ட வேண்டும்.

பழைய கட்டில் பலகை நாலு என்னிடம் சும்மா கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை டிவிஎஸ்ஸில் கட்டி எடுத்து வருகிறேன், இரண்டு பேருமாக மூட்டையை மாற்றிவிடலாம். தங்கச்சியிடம் மதியத்துக்கு வத்தக்குழம்பு வைக்கச் சொல்.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்சுக்காரன்