"போர்டு போய்விட்டது" என்று சொல்லும் முன்: வட சென்னை லேப்டாப் பழுதுநீக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மூலக்கடை, வியாசர்பாடி, பெரம்பூர் பகுதிகளில் லேப்டாப் பழுதுபார்க்கும் தோழர்களுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையில் ஒரு மாலை நேரப் படிப்பகத்தில் கல்லூரி மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களில் பலர் வீட்டில் இருப்பது ஒரே ஒரு லேப்டாப். அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்காவுக்குக் கிடைத்து, பின்பு தம்பியின் கைக்கு வந்ததாக இருக்கும். அல்லது இன்னும் தவணை கட்டி முடியாததாக இருக்கும். அது திடீர் திடீரென்று அணைந்துபோகிறது என்று உங்களிடம் கொண்டுவருகிறார்கள். "மதர்போர்டு போய்விட்டது" என்ற பதிலோடு திரும்புகிறார்கள். செலவைக் கேட்டதும் வீட்டில் பேச்சு நின்றுவிடுகிறது. லேப்டாப் பரணுக்குப் போகிறது, அந்தப் பருவத்தின் புராஜெக்ட் அப்படியே கிடக்கிறது.

சில நேரம் போர்டு உண்மையிலேயே போயிருக்கும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மூடியைக் கழற்றாமலே அந்தத் தீர்ப்பைச் சொல்லாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

நாம் வாழும் இடத்தை நினைத்துப் பாருங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் இரவும் பகலும் கண்டெய்னர் லாரிகள் ஓடுகின்றன. வடக்கே அனல்மின் நிலையங்களின் சாம்பல், மேற்கே மணலியின் ஆலைகள், கிழக்கே காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உப்புக்காற்று. இந்தத் தூசியைத்தான் லேப்டாப்பின் ஃபேன் நாள் முழுவதும் உள்ளே இழுக்கிறது. ஃபேனுக்கும் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவே அது கம்பளித் துணி போலப் படிந்து காற்றை அடைத்துவிடுகிறது. ஃபேன் சுற்றும் சத்தம் கேட்கும், காற்று மட்டும் வெளியே வராது. பல புராசசர்கள் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே முதலில் வேகத்தைக் குறைக்கின்றன. அப்போதும் சூடு ஏறினால் கருகாமல் தப்பிக்க மின்சாரத்தை வெட்டிக்கொள்கின்றன. மே மாதத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, மெத்தைமேல் வைத்து வீடியோ வகுப்பு பார்க்கும் பிள்ளையின் லேப்டாப் பாதியில் அணைவது இதனால்தான். 35 டிகிரி வரையான அறை வெப்பத்துக்கே இது ஏற்றது என்று பல தயாரிப்பாளர்களின் கையேடுகளிலேயே எழுதியிருக்கிறது.

ஆகவே கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். வெளியிலிருந்து புளோயரால் ஊதினால் தூசி இன்னும் உள்ளேதான் போகும். ஃபேன் இறகைக் கையால் பிடித்துக்கொள்ளாமல் ஊதினால் அது தாறுமாறாகச் சுழன்று பேரிங் கெடும். புராசசரின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் பேஸ்ட் உலர்ந்து வெடித்திருந்தால் அதை வழித்துவிட்டுப் புதிதாக வைப்பது உங்களுக்குச் சிறு வேலை. அந்தப் பிள்ளைக்கு அது இன்னும் சில ஆண்டுப் படிப்பு.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடற்கரையோர வீடுகளிலிருந்து வரும் லேப்டாப்பில் பேட்டரி கனெக்டரையும் சார்ஜர் சொருகும் ஜாக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால், லேசாக அசைத்தாலே தொடர்பு அறுந்துபோகும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, அதன்பிறகு போர்டைச் சந்தேகப்படுங்கள்.

எப்போது அணைகிறது என்று மாணவரிடம் கேளுங்கள். பாதி நோய் அந்தப் பதிலில் தெரிந்துவிடும். வீடியோ ஓடும்போது என்றால் சூடு. மடியிலிருந்து மேசைக்கு மாற்றும்போது என்றால் ஜாக்கும் கனெக்டரும். 30 சதவீதம் சார்ஜ் காட்டிக்கொண்டிருக்கும்போதே என்றால் பேட்டரி. பேட்டரியின் இப்போதைய கொள்ளளவு எவ்வளவு, புதிதில் எவ்வளவு என்ற அறிக்கையை விண்டோஸே தரும். அதை வாடிக்கையாளருக்குத் திரையில் காட்டுங்கள். 65 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு 45 வாட் அடாப்டரைச் சொருகியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பேட்டரியும் தளர்ந்திருந்தால், வேலை கூடும்போது அந்த அடாப்டர் தாங்காது.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் "கெர்னல் பவர் 41" என்ற பதிவு இருப்பதைக் காட்டி, போர்டு கெட்டதற்கு அதுவே சாட்சி என்று சிலர் சொல்கிறார்கள். அது தவறு. முறைப்படி மூடாமல் கணினி அணைந்தது என்பதை மட்டுமே அந்தப் பதிவு சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. விண்டோஸ் தொடங்கும் முன்னரே வரும் பயாஸ் அமைப்புத் திரையிலேயே அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். அங்கேயும் அணைந்தால் விண்டோஸ்மேல் பழி இல்லை. அணையாவிட்டாலும் அவசரப்பட வேண்டாம், அந்தத் திரையில் புராசசருக்கு அவ்வளவு வேலை இல்லை. ரேமைக் கழற்றி மாட்டி, நினைவகச் சோதனையும் ஓட்டிய பிறகு முடிவு சொல்லுங்கள்.

பேட்டரி உப்பியிருந்தால் அதைத் திரும்பப் போட்டு அனுப்பாதீர்கள், கெஞ்சிக் கேட்டாலும். டச்பேட் மேலெழும்பியிருப்பதே அதற்கு அடையாளம். குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். குப்பைத்தொட்டியில் போடுவதும் அதே ஆபத்துதான். கொடுங்கையூர்க் கிடங்குக் குப்பையைக் கையால் பொறுக்கிப் பிழைக்கும் குடும்பங்கள் நம் பக்கத்தில்தான் இருக்கின்றன. மின்னணுக் கழிவு வாங்கும் பதிவுபெற்ற இடத்தில் சேர்த்துவிடுங்கள்.

ரசீது கொடுங்கள். கொடுக்காமல் இருப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அந்த ரசீதில் என்ன சோதித்தீர்கள், என்ன மாற்றினீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். போர்டு கெட்டது என்றால் எந்தப் பகுதி என்றும் எழுதுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கொடுங்கள். கழற்றிப் பார்த்ததற்குக் கூலி கேட்பது உங்கள் உரிமை. தொகையை முன்கூட்டியே சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

உங்களில் நேர்த்தியாக வேலை செய்பவர்கள் நிறையப் பேர் இருப்பதை அறிவேன். அவர்களிடம் இன்னொன்றும் கேட்கிறேன். கோடை விடுமுறைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் படிப்பகத்துக்கு வாருங்கள். ஃபேனை எப்படிக் கழற்றிச் சுத்தம் செய்வது, எந்தத் திருகாணியைத் தொடக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் செய்துகாட்டுங்கள். மேசையும் விளக்கும் நாங்கள் தருகிறோம். பேஸ்ட்டுக்கும் உங்கள் நேரத்துக்கும் உரிய கூலியையும் தருகிறோம்.

அன்புடன்,
தண்டையார்பேட்டைப் படிப்பக ஆசிரியை ஒருவர்