"வாயு" என்று சொல்வதற்கு முன்: ஒரு மகளிர் குழுத் தலைவிக்குக் கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். வாரா வாரம் சேமிப்புப் பணம் கட்ட உங்கள் முன்னால் வந்து உட்காரும் பெண்களில் பாதிப்பேராவது நாற்பதைத் தாண்டியிருப்பார்கள். அடுத்த கூட்டத்தில், தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்குவதற்கு முன், அரை மணி நேரத்தை அவர்களுடைய இதயத்துக்காக ஒதுக்குங்கள். மாரடைப்பு ஆம்பளைங்களுக்கு வருவது என்ற நினைப்பு நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் அறிகுறிகள். பெண்களுக்கும் நெஞ்சு வலிதான் முக்கியமானது. ஆனால் பலர் அதை வலி என்று சொல்வதில்லை. பாரம், இறுக்கம், எரிச்சல் என்பார்கள். கூடவே தாடையிலோ கழுத்திலோ, இரு தோள்பட்டைக்கு நடுவிலோ, மேல் வயிற்றிலோ வேதனை இருக்கும். மூச்சு வாங்கும், குமட்டும், உடம்பு சில்லிட்டு வியர்க்கும். நேற்றுவரை சாதாரணமாக ஏறிய படியை இன்று ஏற முடியாத அசதி வரும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நெஞ்சில் வலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம்.

இதையெல்லாம் கேட்டதும் வீட்டில் முதலில் வரும் சொல் "வாயு". ஓமத் தண்ணீர், பிறகு சோடா, பிறகு கேஸ் மாத்திரை, முதுகுக்குத் தைலம். ஒவ்வொன்றும் கேட்குமா என்று பார்க்க அரை மணி. அதற்குள் இரத்தக் குழாயில் அடைப்பு விழுந்த இடத்துக்குக் கீழே இதயத் தசை செத்துக்கொண்டே போகிறது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை 12 மணி நேரத்துக்குள் போடலாம் என்றாலும், அதன் பலன் முதல் 3 மணி நேரத்தில்தான் அதிகம். ஆகவே மேலே சொன்ன வேதனை 15 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலே 108-ஐ அழைக்க வேண்டும். வியர்வையோ மூச்சுத் திணறலோ சேர்ந்தால் அந்த 15 நிமிடமும் காத்திருக்கக் கூடாது. பையன் வரட்டும், டூவீலரில் போய்விடலாம் என்று உட்கார்ந்திருப்பது ஆபத்து. வழியில் இதயம் நின்றுபோனால் டூவீலரில் எதுவும் செய்ய முடியாது.

துணை சுகாதார நிலையம் பக்கத்தில் இருந்தால் இதையும் சொல்லிவையுங்கள். தமிழக அரசு 2023-இல் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தில் இரத்தம் கட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின் மூன்று மாத்திரைகளையும் முதல் டோஸாக அங்கேயே கொடுத்துவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களும், வயிற்றுப் புண்ணில் இரத்தம் கசிந்தவர்களும் மாத்திரையை வாங்கும் முன் அதைச் சொல்ல வேண்டும்.

மருத்துவமனையில் நுழைந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள். இங்கே ஒரு கூச்சம் குறுக்கே நிற்கிறது. ரவிக்கையைத் தளர்த்தாமல், மார்புக்குக் கீழே ஒட்ட வேண்டிய பட்டையை மேலேயே ஒட்டிவிட்டால் வரும் படம் தப்பாகப் போகும். திரை போடச் சொல்லலாம், பெண் செவிலியரைக் கேட்கலாம். ரவிக்கையைக் கழற்றித்தான் ஆக வேண்டும். முதல் ஈசிஜி நார்மல் என்றதும் வீட்டுக்குக் கிளம்புவதும் தப்பு. இதயத் தசை அடிபட்டதைக் காட்டும் ட்ரோபோனின் இரத்தத்தில் ஏறச் சில மணி நேரம் ஆகும். அதனால் முதல் சோதனையில் தெரியாதது மறு சோதனையில் தெரியலாம்.

இனி வருமுன் காப்பது. ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: "பிள்ளை உண்டாகியிருந்தப்போ பி.பி. ஏறுச்சா, சர்க்கரை வந்துச்சா?" பிரசவத்தோடு போய்விட்டது என்று மறந்திருப்பார்கள். கர்ப்பத்தில் பி.பி. ஏறிச் சிறுநீரில் புரதம் போனவர்களுக்குப் பின்னாளில் இதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. கர்ப்பகாலச் சர்க்கரையும் லேசுப்பட்டதல்ல. 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்களையும் இதே வரிசையில் சேருங்கள். இவர்கள் 'ஆம்' என்றால் வயது எதுவானாலும் வருடத்துக்கு ஒரு முறை பி.பி., சர்க்கரை, கொழுப்பு மூன்றும் பார்க்க வேண்டும். பெண்களின் உடல்நலத்தில் இவ்வளவு சீக்கிரமே மணி அடித்துச் சொல்லும் அறிகுறி வேறில்லை என்பது எங்கள் கருத்து. ஆனால் பிரசவ அட்டை பெட்டிக்கு அடியில் போனதும் அதுவும் மறைந்துவிடுகிறது.

பி.பி. பார்க்கும்போது ஐந்து நிமிடம் சும்மா உட்காரட்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் படிய வேண்டும், கை இதய உயரத்தில் இருக்க வேண்டும். காப்பி குடித்து அரை மணியாவது ஆகியிருக்க வேண்டும். இறுக்கமான ரவிக்கைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அதுவே கட்டுப் போட்டதுபோல் அளவைக் கெடுக்கும். தளர்ந்த கை வைத்த உடுப்பில் வரச் சொல்லுங்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத பி.பி.யையும் காட்டும். ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் முறை பாருங்கள். 140/90-ஐத் தொட்டால் இன்னொரு நாளும் பார்த்துவிட்டு மருத்துவரிடம் அனுப்புங்கள். கூடவே ஒரு டேப்பால் இடுப்பையும் அளக்கலாம். நம் பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை.

உப்புக்கு ஒரு கணக்கு. ஒருவருக்கு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். நான்கு பேருக்கு 20 கிராம் என்றால் ஒரு கிலோ உப்பு 50 நாள் வர வேண்டும். பாக்கெட்டைப் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதிவைக்கச் சொல்லுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் உள்ள உப்பு இந்தக் கணக்கில் இல்லை, ஆகவே 50 நாளுக்கு மேலே வந்தால்தான் நல்லது.

பி.பி. மாத்திரை விஷயத்தில் மூன்று தப்பு நடக்கிறது. நார்மல் ஆனதும் நிறுத்துவது. நார்மல் ஆனதே மாத்திரையால்தான். வெள்ளி, செவ்வாய் விரதத்தில் விடுவது. வீட்டுக்காரருக்குத் தீர்ந்தால் தன் அட்டையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுத் தான் மாத்திரை இல்லாமல் இருப்பது. 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" மாதா மாதம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. பெயர் பதியாதவர்கள் உங்கள் குழுவில் யார் என்று பாருங்கள். சர்க்கரை மாத்திரை போடுபவர்கள் விரதம் இருக்கும் முன் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும். சாப்பிடாமல் மாத்திரை போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிடலாம்.

நெஞ்சு அடைக்கும்போதும் ஒரு பெண் கிளம்பத் தயங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் பயமல்ல, அக்கா. "பிள்ளை ஸ்கூல்லேருந்து வரும், மாட்டுக்குத் தண்ணி காட்டணும்." அதனால் தீர்மான நோட்டில் ஒரு பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். இரவிலும் ஈசிஜி எடுக்கும் மருத்துவமனை எது, ஆம்புலன்ஸில் கூடப் போவது யார், பிள்ளையைப் பார்த்துக்கொள்வது யார், மாட்டைப் பிடித்துக் கட்டுவது யார் என்று உறுப்பினர் ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் எழுதி, பொறுப்பேற்றவர்களிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

அன்புடன்.