ரிங்கிலும் ரோட்டிலும் கூட நின்றவர்களுக்கு

மாஸ்டருக்கும், ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவின் அண்ணன்கள், அக்காக்களுக்கும், எங்கள் வீட்டாருக்கும் வணக்கம்.

மாவட்டக் குத்துச்சண்டைப் போட்டியில் 57 கிலோ பிரிவில் முதல் சண்டையைப் புள்ளிகளில் ஜெயித்தேன், அடுத்ததில் தோற்றேன். அதற்கு அடுத்த மாதம் 200 கிலோமீட்டர் பிரெவேயை, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் பயணத்தை, நேரத்துக்குள் முடித்தேன். இது உங்களுக்கெல்லாம் தெரிந்த செய்திதான். ஒரே கோடையில் இரண்டுக்கும் தயாராக முடிந்தது யாரால் என்பதை ஊரறியச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நினைத்துப் பார்த்தால், எனக்கு உதவியவர்கள் அத்தனை பேரும் ஏதாவது ஒரு நாளில் "இன்னைக்கு வேண்டாம்" என்று என்னைப் பிடித்து நிறுத்தியவர்கள்.

முதலில் மாஸ்டர். குத்துச்சண்டை கற்க வந்தவளிடம் "சைக்கிளை விட்டுரு" என்று சொல்வது சுலபம், பலர் சொன்னார்கள். மாஸ்டர் கேட்டது ஒன்றே ஒன்று: "வாரத்துல என்னைக்குத் தூரமா போற?" ஞாயிறு என்றேன். திங்கள்கிழமை நடந்துகொண்டிருந்த ஸ்பாரிங்கை, அதாவது ஜோடி சேர்ந்து போடும் பயிற்சிச் சண்டையை, வியாழனுக்கு மாற்றினார். எனக்காக மற்ற பிள்ளைகளும் மாறிக்கொண்டார்கள். "கால் கனத்துக் கிடக்கையில ரிங்குக்குள்ள ஏறாத தாயி, விலக முடியாது, அடிதான் வாங்குவ" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. காலை ஓட்டத்தையும் எடுத்துவிட்டார். மூச்சுக்குச் சைக்கிள் போதும், இரண்டும் சேர்ந்தால் முழங்கால் தாங்காது என்பது அவர் கணக்கு. ஆனால் ஸ்கிப்பிங்கில் மட்டும் ஒரு நிமிடம்கூடக் குறைக்கவில்லை. முன்பாதத்தில் துள்ளி நிற்கிற பலத்தைப் பெடல் கொடுக்காது. ஹேண்டில்பாரில் குனிந்தே பழகிய இடுப்பை நிமிர்த்தாமல் கிளவுஸ் மாட்டவும் விடமாட்டார்.

சைக்கிள் குழுவுக்கு என்ன சொல்வது! அமெச்சூர் சண்டை என்றால் மூன்று ரவுண்டு, ரவுண்டுக்கு 3 நிமிடம், நடுவில் 1 நிமிட ஓய்வு. இதைக் கேட்டுக்கொண்ட அண்ணன் ஒருவர் மறுநாளே கழுத்தில் விசிலோடு வந்தார். மதுரை அழகர்கோவில் சாலையில் அப்பன்திருப்பதி தாண்டியதும் விசில் அடிப்பார். 3 நிமிடம் உயிரைக் கொடுத்து மிதிக்க வேண்டும், மறு விசிலுக்கு 1 நிமிடம் தளர்த்த வேண்டும். பேசிக்கொண்டே நிதானமாகப் போகலாம் என்று வந்தவர்களும் எனக்காகக் கூடவே மிதித்தார்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் வரும் சாலை அது. மூன்றுமாவடியில் அழகரை வரவேற்க எதிர்சேவைக் கூட்டம் நிற்கும் நாட்களில் அந்தப் பக்கம் போக முடியாது. அப்போதும் பயிற்சி நிற்கக் கூடாது என்று ஒத்தக்கடை, திருமோகூர் பக்கம் வழி பார்த்துக் கொடுத்தார்கள். சண்டை நெருங்கிய வாரங்களில், 100 கிலோமீட்டர் போக வேண்டிய ஞாயிறுகளில் பாதியிலேயே "நீ திரும்பும்மா" என்று அனுப்பி வைத்தார்கள். தனியாக அனுப்பவில்லை, துணைக்கு ஒருவர் தன் சவாரியை விட்டுவிட்டுத் திரும்புவார்.

பிசியோ அக்கா, நீங்கள் காட்டிய அந்த ஆய்வை நான் பலரிடம் சொல்லிவிட்டேன். 1980-ல் ராபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 10 வாரம் சோதித்துப் பார்த்தது. எடைப் பயிற்சியும் நெடுநேரப் பயிற்சியும் ஒன்றாகச் செய்தவர்களுக்கு முதல் ஏழு வாரம் வலு ஏறியது, பிறகு நின்றது, கடைசி இரண்டு வாரம் இறங்கவே ஆரம்பித்தது. அதைப் படித்துக் காட்டித்தான் கடைசி மாதம் பாரம் வைத்து உட்கார்ந்து எழும் பயிற்சியைக் குறைக்கச் சொன்னீர்கள். கடைசி ரவுண்டிலும் என் கை இறங்காமல் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

அம்மாவுக்குக் குத்துச்சண்டை என்றால் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய மேரி கோம் மட்டும்தான். "அந்தப் பிள்ளைக்கு யாரு சோறு போட்டாங்களோ" என்பார். சைக்கிள் ஓட்டுகிறவள் சாப்பிட வேண்டும், எடை பார்க்கிறவள் குறைக்க வேண்டும். இந்த இழுபறியைத் தீர்த்தவர் அவர்தான். அமெச்சூரில் எடை பார்ப்பதும் சண்டையும் ஒரே நாளில். தண்ணீரை நிறுத்தி எடையை இறக்கிவிட்டு அப்புறம் தேற்றிக்கொள்ளலாம் என்பதற்கு அங்கே நேரம் கிடையாது. அதனால் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். தூரம் போகிற நாளில் தட்டு நிறையச் சோறு, அயிரை மீன் குழம்பு. மற்ற நாளில் பாதிச் சோறு, முட்டை, முளைகட்டிய பயறு. எவர்சில்வர் டப்பா மூடிகளில் "சை", "ச" என்று நெயில் பாலிஷால் எழுதி வைத்திருப்பார். சைக்கிள் டப்பாவைச் சண்டை நாளில் தொட்டால் தொலைந்தேன்.

அப்பா நாலரை மணி இருட்டில், வெளிச்சம் வரும்வரை, டிவிஎஸ் எக்ஸெல்லில் என் பின்னால் வந்தார். கோடை முழுவதும் வந்தார். இதற்கு மேல் எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

சிம்மக்கல் பாய், ஸ்பாரிங்கில் தோளும் கழுத்தும் இறுகிப் போய் வந்த அன்று நான் கேட்காமலேயே ஹேண்டில்பாரை உயர்த்திக் கொடுத்து, "சண்டை முடியட்டும், பழையபடி இறக்கித் தர்றேன்" என்றீர்கள். காசு வாங்கவில்லை. டியூட்டி மாற்றிக்கொண்ட அலுவலகத் தோழிகளுக்கும் நன்றி. என்னைவிடக் கனமான கல்லூரித் தம்பி ஒருவன் வாராவாரம் பலத்தை அளந்து என்னோடு ஸ்பாரிங் செய்தான். ஒரு நாள் அடி வாங்கியதில் என் பார்வை லேசாகத் தடுமாறியதை எனக்கு முன்னால் கவனித்துக் கையை இறக்கி மாஸ்டரைக் கூப்பிட்டவனும் அவன்தான். அந்த வாரம் ரிங்கும் இல்லை, சைக்கிளும் இல்லை. தம்பி, நீ நல்லா இருக்கணும்.

சண்டை அன்று மாஸ்டர் என் கையில் பட்டை சுற்றினார். கட்டைவிரலில் மாட்டி, மணிக்கட்டில் மூன்று சுற்று, விரல் முட்டிகள் மேல் மூன்று சுற்று, அப்புறம் ஒவ்வொரு விரலிடுக்காக. நடுவில் "மடக்கு" என்பார், மடக்குவேன். "வலிக்குதா?" இல்லை. "சரி, விரி." வேறு எதுவும் பேசவில்லை. அந்த அமைதியிலேயே என் படபடப்பு அடங்கியது.

பிரெவே ஆடி மாதத்தில் வந்தது. மேலூர், கொட்டாம்பட்டி, துவரங்குறிச்சி வழியாக விராலிமலை போய்த் திரும்ப வேண்டும், 13 மணி 30 நிமிடத்துக்குள். வழியில் வெளியாள் உதவி வாங்கக் கூடாது, அட்டையில் முத்திரை போடும் கண்ட்ரோலில் மட்டும் வாங்கலாம். அப்பா பஸ் ஏறி விராலிமலைக்கு வந்து புளிசாதத்தோடு நின்றிருந்தார். திரும்பும்போது ஆடிக் காற்று முகத்தில் அடித்தது. துவரங்குறிச்சியிலிருந்து மேலூர் வரை கூடவே பிரெவே ஓட்டிய ரிட்டயரான வாத்தியார் ஐயா எதிர்காற்றைத் தன் மேல் வாங்கிக்கொண்டு முன்னால் போக, நான் அவர் பின்சக்கரத்தை ஒட்டியபடி வந்தேன். ஐயா, அந்தத் தூரத்துக்கு உங்களுக்கு நான் கடன்பட்டவள்.

மாஸ்டர், புதிதாகச் சேர்ந்த இரண்டு பிள்ளைகளுக்கு ஹெட்கார்டு இல்லை என்றீர்கள். என்னுடையதைத் துடைத்துக் காயவைத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். எனக்கு ஸ்பாரிங் இல்லாத நாட்களில் அவர்கள் போட்டுக்கொள்ளட்டும். சைக்கிள் குழுவுக்கு: வரும் ஞாயிறு அப்பன்திருப்பதியில் டீயும் வடையும் என் செலவு. யாரும் பர்ஸை எடுக்கக் கூடாது.

நன்றியுடன்,
கோ.புதூரிலிருந்து உங்கள் பிள்ளை