சப்டைட்டில் தமிழில் வரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற மாதம் திருச்சியில் ஓர் அரங்கில் மூன்று நாள் இந்தியப் படங்கள் திரையிட்டார்கள். அசாமியம், வங்காளம், மராத்தி, கன்னடம், மலையாளம் என்று ஐந்து மொழி. நான் 31 வருடம் தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவன். நான் ஓட்டிய காலத்தில் என் மனைவி ஒரு படத்தையும் முழுசாக உட்கார்ந்து பார்த்ததில்லை. இந்த முறை விடாப்பிடியாகக் கூட்டிப்போனேன்.

முதல் நாள் ரீமா தாஸின் ‘வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்’. 2018-இல் சிறந்த படத்துக்கான தேசிய விருது அறிவிக்கப்பட்ட அசாமியப் படம். எழுத்து, இயக்கம், கேமரா, எடிட்டிங் எல்லாம் அந்த அம்மாவே. கிடாருக்கு ஆசைப்படும் துனு என்கிற சிறுமி, கணவனை வெள்ளத்தில் பறிகொடுத்த அவள் தாய், இவ்வளவுதான் கதை. துனு பெரியமனுஷியாகி சடங்கு செய்யும் இடம் வந்ததும் என் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “என்னங்க, நம்ம வீட்டுச் சடங்கு மாதிரியே இருக்கே!” அதற்குத் திரையில் எந்த எழுத்தும் தேவைப்படவில்லை. ஆனால் ஊர்ப் பெண்கள் அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல, தாய் விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள். “என்ன சொல்றா?” என்று கேட்டாள். கீழே வந்த ஆங்கிலத்தை நான் படித்து, தமிழாக்கி, காதில் சொல்வதற்குள் அடுத்த இரண்டு வரி போய்விட்டது. முன்வரிசைக்காரர் வேறு திரும்பி முறைத்தார். மறுநாள், “உங்க இங்கிலீஷுக்கு நான் வீட்லயே இருந்துக்கறேன்” என்று சொல்லிவிட்டாள்.

நடத்தியவர்களிடம் கேட்டேன். “எல்லாருக்கும் பொதுவா இங்கிலீஷ்தானே சார்” என்றார்கள். அரங்கில் இருந்தவர்கள் எல்லாரும் தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்!

நல்ல இந்தியப் படங்களைத் தேர்ந்தெடுத்துத் திரையிடும் ‘இந்தியன் பனோரமா’வை மத்திய அரசு 1978-இல் தொடங்கியது. அதற்கு அனுப்பும் படத்தில் ஆங்கில சப்டைட்டில் இருந்தாக வேண்டும். பல மாநிலத்து ஆட்கள் கூடி உட்கார்ந்து தேர்வு செய்கிறார்கள், சரி, அங்கே வேறு வழியில்லை. தூர்தர்ஷனில் ஞாயிறு மதியம் மாநில மொழிப் படங்கள் போட்டபோதும் ஆங்கில எழுத்துதான். எங்கள் தெருவில் ஒரு வாத்தியார் சத்தமாகப் படித்துத் தமிழில் சொல்வார், பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்போம். பாதி அவர் சொந்தச் சரக்கு என்பது பிற்பாடுதான் புரிந்தது.

அப்போது காரணம் இருந்தது. ஃபிலிம் காலத்தில் எழுத்தைப் பிரிண்டிலேயே பொறித்துவிடுவார்கள். அப்புறம் அதை மாற்ற முடியாது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சுவர் வந்தால் எழுத்தே காணாமல் போகும். இப்போது அப்படியா? அன்று கேபினை எட்டிப் பார்த்தேன். ஒரு தம்பி மடிக்கணினியில்தான் படத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். சப்டைட்டில் தனிக் கோப்பாக இருந்தது. திறந்து காட்டச் சொன்னேன். வரிசை எண், எத்தனையாவது நொடியில் வரவேண்டும், எப்போது மறைய வேண்டும், அதன் கீழே வசனம். இவ்வளவுதான் அதில் இருக்கிறது. நேரத்தைத் தொடாமல் வசனத்தை மட்டும் தமிழில் மாற்றி வைத்தால் போதும். படம் எடுத்தவரிடம் அனுமதி கேட்க வேண்டும், மொழிபெயர்ப்பவருக்கு ஒரு தொகை கொடுக்க வேண்டும். மேடைக்குப் போட்ட பூ அலங்காரத்தைப் பார்த்தால் அதற்குப் பணம் இல்லை என்று நான் நம்பமாட்டேன்.

ஒன்று மட்டும். மொழிபெயர்ப்பவர் பேச்சுத் தமிழில் எழுத வேண்டும். ‘போய்க்கொண்டிருக்கிறாளா’ என்று போட்டால் கண் அதைப் படித்து முடிப்பதற்குள் அவள் போயே சேர்ந்திருப்பாள். ‘போறாளா’ போதும். ஒரு தடவைக்கு இரண்டு வரிக்கு மேல் கூடாது, எழுத்தும் பெரிதாக இருக்கட்டும். வருகிறவர்களில் பாதிப் பேர் என் வயதுக்காரர்கள்.

தமிழ் வசனத்தைப் படத்தோடு சேர்க்க முடியாது என்றால், திரைக்குக் கீழே தனியாகக் காட்டலாம். அதற்கு ஒருவர் படம் முழுக்க உட்கார்ந்து, வசனத்துக்கு ஏற்றபடி ஒவ்வொரு வரியாகப் பொத்தானைத் தட்ட வேண்டும். அடுத்த முறை நடத்தும்போது சொல்லி அனுப்பினால் நான் வந்து தட்டுகிறேன். சம்பளம் வேண்டாம். என் மனைவிக்கு ஓரமாக ஒரு நாற்காலி போட்டால் போதும்.

ஓய்வுபெற்ற ஆபரேட்டர்,
லால்குடி